யூடியூபுக்கு வேலை, ஆனா முதலாளி யாரு?

இன்னைக்கு ஒரு சின்னக் கேள்வியோட ஆரம்பிக்கலாம். உங்க முதலாளி யாரு? சம்பளம் போடுற கம்பெனியா, இல்ல தினமும் என்ன வேலை செய்யணும்னு முடிவு பண்ற கம்பெனியா?

நிறைய பேருக்கு ரெண்டும் ஒண்ணுதான். ஒப்பந்த ஊழியர்களுக்கு அப்படி இல்லை. 2019 மார்ச் நிலவரப்படி கூகுளில் நிரந்தர ஊழியர்கள் சுமார் 1,02,000 பேர். தற்காலிக, ஒப்பந்த ஊழியர்கள் சுமார் 1,21,000 பேர்னு நியூயார்க் டைம்ஸ் எழுதியது. அடையாள அட்டையோட நிறம்கூட வேற. நிரந்தர ஊழியருக்கு வெள்ளை, ஒப்பந்த ஊழியருக்கு சிவப்பு.

இதுல என்ன சிக்கல்? அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரத்தில் நடந்ததைச் சொல்றேன். அங்கே யூடியூப் மியூசிக்கில் வர்ற உள்ளடக்கத்தைச் சரிபார்க்க ஒரு டீம் இருந்தது. யூடியூப் கூகுளோடது. ஆனா அந்த டீமுக்குச் சம்பளம் போட்டது காக்னிசன்ட். ஆமா, 1994இல் சென்னையில தொடங்கின அதே காக்னிசன்ட்தான்.

2023 பிப்ரவரியில், ஆபீசுக்கு வந்தே ஆகணும்ங்கிற உத்தரவை எதிர்த்து இவங்க ஸ்ட்ரைக் பண்ணாங்க. ஏப்ரலில் சங்கம் வேணுமான்னு வாக்கெடுப்பு நடந்தது. வேணும்னு 41 ஓட்டு. வேண்டாம்னு ஒண்ணுகூட இல்லை.

ஜெயிச்சாச்சேன்னு தோணும். ஆனா சங்கம் அமைக்கிறதே முதலாளிகிட்ட கூட்டா பேசுறதுக்குத்தான். எதிர்ல யார் உட்காரணும்? கூகுள், "இவங்க எங்க ஊழியர்கள் இல்லை"ன்னு சொன்னது. ஊழியர்களோ, எங்க வேலையைத் தீர்மானிக்கிறது கூகுள்தான், அதனால அவங்களும் பேசணும்னு சொன்னாங்க. சட்டத்தில் இதுக்குப் பேரு 'கூட்டு முதலாளி'. அமெரிக்காவின் தேசிய தொழிலாளர் உறவுகள் வாரியம் இதை ஏத்துக்கிட்டது. ரெண்டு கம்பெனியும் பேச மறுத்தது சட்டவிரோதம்னு 2024 ஜனவரியில் தீர்ப்பு சொன்னது. கூகுள் கோர்ட்டுக்குப் போச்சு.

அடுத்த மாசம் ஆஸ்டின் நகர மன்றக் கூட்டம். கூகுளைப் பேச்சுவார்த்தைக்கு வரச் சொல்லுங்கன்னு ஊழியர் ஒருத்தர் மைக்கில் பேசிட்டு இருக்கார். அந்த நேரத்துலயே டீம் மொத்தத்துக்கும் வேலை போச்சுன்னு தகவல் வருது. 43 பேர்.

ஒப்பந்தக் காலம் இயல்பா முடிஞ்சதுன்னு கூகுள் விளக்கம் கொடுத்தது. ஏழு வாரச் சம்பளம் தர்றோம், எங்க கம்பெனிக்குள்ளயே வேற வேலை தேடிக்கலாம்னு காக்னிசன்ட் சொன்னது.

இதைப் படிச்சப்போ எனக்கு உறைச்சது ஒண்ணுதான். யாரும் இவங்களை வேலையை விட்டுத் தூக்கினதா ஒத்துக்கவே இல்லை. ஒரு தேதி முடிஞ்சது, அவ்வளவுதான். சங்கம் அமைக்கிற உரிமை கையில இருந்தும், பேச வேண்டிய முதலாளி யாருன்னே தீராம வேலை போயிடுச்சு.

இன்னைக்கு உங்க ஆஃபர் லெட்டரை ஒரு தடவை எடுத்துப் பாருங்க. அதுல இருக்கிற கம்பெனியும், தினமும் உங்களுக்கு வேலை சொல்ற கம்பெனியும் ஒண்ணுதானா? இல்லைன்னா, சம்பள உயர்வு யார்கிட்ட கேப்பீங்க? அடுத்த எபிசோடில் சந்திப்போம்.