கரண்ட் போனால் எத்தனை மணி நேரம் தாங்கும்? இன்வெர்ட்டர் பேட்டரி வாங்கும் முன் ஒரு கணக்கு

"பராமரிப்புப் பணி காரணமாக நாளை காலை 9 மணி முதல் மதியம் 2 மணி வரை மின் விநியோகம் நிறுத்தப்படும்." பாடி, கொரட்டூர், அம்பத்தூர் பக்கம் இருப்பவர்களுக்கு இந்த அறிவிப்பு புதிதல்ல. பட்டியலில் உங்கள் தெரு பெயர் இருந்தால், முந்தின நாளே மோட்டார் போட்டு டேங்கை நிரப்பி வைப்பீர்கள், மாவு அரைத்து வைப்பீர்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் கவலை இல்லை என்று நினைப்பீர்கள். ஆனால் பல வீடுகளில் மதியம் பன்னிரண்டேகாலுக்கே அது 'பீப் பீப்' என்று கத்த ஆரம்பித்துவிடும். பேட்டரி கெட்டுப்போய்விட்டது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். வாங்கிய அளவே அந்த 5 மணி நேரத்துக்குப் போதாததாக இருக்கலாம்.

நம் ஊரில் இன்வெர்ட்டர் பழக்கம் பெரிதாகப் பரவியது 2008 முதல் 2012 வரையிலான மின்வெட்டுக் காலத்தில். 2012-ல் சென்னையில் தினம் 2 மணி நேரம் கரண்ட் இருக்காது. வெளி மாவட்டங்களில் நிலைமை இன்னும் மோசம். அன்றைக்குத் தினம் 2 மணி நேரத்துக்கு ஒரு பேட்டரி போதுமானதாக இருந்தது. இன்றைக்குத் தேவை வேறு மாதிரி. எப்போதாவது ஒரு நாள் 5 மணி நேரப் பராமரிப்பு நிறுத்தம், கோடை இரவில் திடீரென்று வரும் கேபிள் பழுது, மார்கழிக்கு முன்னால் ஒரு புயல். ஆனாலும் பழைய பேட்டரி போனதும் "அதே மாதிரி ஒன்னு கொடுங்க" என்றுதான் கடையில் கேட்கிறோம்.

வி.ஏ. வேறு, ஏ.எச். வேறு

இன்வெர்ட்டர் பெட்டியில் 700, 900, 1100 என்று வி.ஏ. போட்டிருக்கும். பேட்டரியில் 100, 150, 220 என்று ஏ.எச். (ஆம்பியர்-அவர்) போட்டிருக்கும். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். வி.ஏ. என்பது குழாயின் தடிமன்: ஒரே நேரத்தில் எவ்வளவு சாமான் ஓட்டலாம் என்பதை அது சொல்லும். ஏ.எச். என்பது தொட்டியின் கொள்ளளவு: எவ்வளவு நேரம் ஓடும் என்பதை அதுதான் முடிவு செய்யும். 900 வி.ஏ. இன்வெர்ட்டரை 1100 ஆக மாற்றினால் கூடுதலாக ஒரு நிமிடம்கூட ஓடாது. "பெரிய இன்வெர்ட்டர் போட்டா ரொம்ப நேரம் வரும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க.

உங்கள் வீட்டுக் கணக்கு

கைபேசியை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். கரண்ட் போனால் கட்டாயம் ஓட வேண்டிய ஒவ்வொரு சாமானின் பின்புறத்திலும் எத்தனை வாட் என்று எழுதியிருக்கும். அதைப் படம் பிடித்துக்கொண்டு, கால்குலேட்டரில் கூட்டுங்கள்.

பாடியில் ஒரு இரண்டு பெட்ரூம் வீடு என்று வைத்துக்கொள்வோம். பழைய சீலிங் ஃபேன் ஒன்றுக்குச் சுமார் 75 வாட். மூன்று ஓடினால் 225. நான்கு எல்.இ.டி. பல்பு 36 வாட். டி.வி. 60, வைஃபை பெட்டி 10, இரண்டு போன் சார்ஜர் 20. மொத்தம் ஏறக்குறைய 350 வாட். 5 மணி நேரத்துக்கு 1,750 வாட்-அவர் வேண்டும்.

இப்போது பேட்டரியைப் பாருங்கள். 150 ஏ.எச். பேட்டரி 12 வோல்ட். பெருக்கினால் 1,800 வருகிறது. 1,750-க்கு 1,800 இருக்கிறதே, சரியாகப் போச்சு என்று தோன்றும். இங்கேதான் ஏமாறுகிறோம். அந்த 150 என்பது பொதுவாக 20 மணி நேரம் மெதுவாக எடுத்தால் கிடைக்கும் அளவு. மூன்று, நான்கு மணி நேரத்தில் உறிஞ்சினால் லெட்-ஆசிட் பேட்டரி தோராயமாக 80 சதவீதம்தான் கொடுக்கும். அதை 230 வோல்ட்டாக மாற்றும்போது இன்வெர்ட்டரிலும் ஏறத்தாழ 20 சதவீதம் போய்விடும். 1,800-ல் மிஞ்சுவது சுமார் 1,150. அதை 350-ஆல் வகுத்தால் மூன்றேகால் மணி நேரம். காலை 9 மணிக்குக் கரண்ட் போனால் பன்னிரண்டேகால். இதுவும் புது பேட்டரிக்குத்தான். நான்கு வருஷம் ஆன பேட்டரியாக இருந்தால் இன்னும் சீக்கிரமே நின்றுவிடும்.

சூத்திரமாக வேண்டுமென்றால்: ஏ.எச். அளவை 12-ஆல் பெருக்கி, மறுபடியும் 0.64-ஆல் பெருக்கி, உங்கள் மொத்த வாட்டால் வகுத்தால் மணி நேரம் வரும்.

5 மணி நேரத்துக்கு என்ன வழி? கடையில் 220 ஏ.எச். என்பார்கள், கணக்குப்படி அது சரிதான். ஆனால் முதலில் தலைக்கு மேலே பாருங்கள். மூன்று ஃபேனையும் பி.எல்.டி.சி. ஃபேனாக மாற்றினால் ஒன்றுக்குச் சுமார் 30 வாட்தான். 350 வாட் 215 ஆகக் குறையும். அதே 150 ஏ.எச். பேட்டரி இப்போது 5 மணி நேரத்தைத் தாண்டி ஓடும். பெரிய பேட்டரி சில வருஷத்தில் தேய்ந்து போகும். ஃபேனோ கரண்ட் இருக்கும் நாளிலும் மிச்சம் பிடிக்கும். தினம் 12 மணி நேரம் ஓடும் ஒரு ஃபேனில் இரண்டு மாதத்துக்கு 32 யூனிட் குறையும். மூன்று ஃபேனுக்குக் கிட்டத்தட்ட 97 யூனிட். அரசு இலவசமாகத் தரும் 100 யூனிட்டுக்குச் சமம். பேட்டரி கடையில் இதை யாரும் சொல்ல மாட்டார்கள், அவர்கள் விற்பது ஃபேன் இல்லையே!

இன்வெர்ட்டரைப் பொறுத்தவரை இந்த வீட்டுக்கு 700 முதல் 900 வி.ஏ. போதும். 'சைன் வேவ்' வகையாகக் கேட்டு வாங்குங்கள்; 'ஸ்கொயர் வேவ்' மலிவு, ஆனால் ஃபேன் உறுமும். மிக்ஸி, அயர்ன் பாக்ஸ், தண்ணீர் மோட்டார், ஏ.சி. எதையும் இந்த லைனில் கோர்க்காதீர்கள். 1 எச்.பி. மோட்டார் ஓடும்போது 750 வாட், கிளம்பும்போது அதைப் போலப் பல மடங்கு. ஃப்ரிட்ஜும் வேண்டாம். கதவைத் திறக்காமல் வைத்தாலே சுமார் 4 மணி நேரம் குளிர்ச்சி நிற்கும்.

வீட்டில் நோயாளி இருந்தால்

ஒரு வீட்டுக்கு மட்டும் மேலே சொன்ன கணக்கு பொருந்தாது. ஆக்ஸிஜன் கான்சென்ட்ரேட்டர் வைத்துப் பெரியவரைப் பார்த்துக்கொள்கிற வீடு அது. 5 லிட்டர் கருவி ஒன்றே 300 முதல் 350 வாட் வரை இழுக்கும். 150 ஏ.எச். பேட்டரியில் வேறு எதுவும் போடாமலே மூன்று மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகத்தான் வரும். இவர்கள் இரண்டு பேட்டரி போடும் 24 வோல்ட் இன்வெர்ட்டரைப் பார்க்க வேண்டும். கருவிக்குத் தனி பிளக், தனி லைன். அந்த லைனில் டி.வி.யோ ஃபேனோ சேரக்கூடாது. அப்படியும், நிரப்பிய ஆக்ஸிஜன் சிலிண்டர் ஒன்று ரெகுலேட்டரோடு கைக்கெட்டும் இடத்தில் இருந்தே ஆக வேண்டும். பேட்டரியை மட்டும் நம்பி உயிரை வைக்க முடியாது. மாதத்துக்கு ஒருமுறை மெயின் சுவிட்சை அணைத்து, உண்மையில் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று மணி பாருங்கள். சோதிக்கும் நேரத்தில் சிலிண்டர் பக்கத்தில் இருக்கட்டும், வீட்டில் இன்னொருவர் கூட இருக்கட்டும்.

புயல் நாளுக்கு

2016 டிசம்பர் 12 வர்தா, 2023 டிசம்பர் மிக்ஜாம்: இரண்டிலும் சென்னையின் பல பகுதிகளில் நாள் கணக்கில் கரண்ட் இல்லை. அத்தனை நாளுக்கும் பேட்டரி வாங்கினால் காசுக்குக் கட்டாது. இருக்கிற பேட்டரியை நீட்டிப்பதுதான் வழி. ஒரு பி.எல்.டி.சி. ஃபேன், ஒரு பல்பு, இடையில் போன் சார்ஜ். பகலில் இன்வெர்ட்டரையே ஆஃப் செய்துவிடுங்கள். சும்மா இருந்தாலும் அது 10 முதல் 20 வாட் தின்னும். இப்படிச் சிக்கனமாக இருந்தால், முழு சார்ஜில் உள்ள 150 ஏ.எச். பேட்டரியில் மூன்று இரவுகளை ஓட்டிவிடலாம்.

மிக்ஜாமில் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் வெள்ளம் புகுந்தது நினைவிருக்கும். தரைத்தளத்தில் இருப்பவர்கள் இன்வெர்ட்டர் டிராலியைத் தரையில் வைக்காமல், உங்கள் தெருவில் முன்பு தண்ணீர் ஏறிய உயரத்துக்கு மேல் மேடையோ இரும்பு ஸ்டாண்டோ போட்டு வையுங்கள். 150 ஏ.எச். பேட்டரி 50 கிலோவுக்கு மேல் இருக்கும். வெள்ளம் வரும்போது தூக்கிக்கொள்ளலாம் என்பது நடக்காத காரியம். இன்னொன்று: சார்ஜ் ஆகும்போது லெட்-ஆசிட் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். காற்றோட்டமான இடம் வேண்டும். விளக்கு எரியும் பூஜை அலமாரிக்குக் கீழேயும், கேஸ் அடுப்பு பக்கத்திலும் வைப்பது ஆபத்து.

லித்தியம், சோலார்

லித்தியம் பேட்டரி விலை கூடுதல். ஆனால் அதில் எழுதியிருப்பதில் பெரும்பகுதியை அப்படியே எடுக்கலாம் என்பதால், 100 ஏ.எச். லித்தியம் கிட்டத்தட்ட 150 ஏ.எச். டியூபுலருக்குச் சமமாக வேலை செய்யும். டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டாம், இடமும் குறைவு, ஆயுளும் அதிகம். தினமும் கரண்ட் போகிற இடத்தில் அந்த விலை நியாயம். மாதத்துக்கு ஓரிரு முறைதான் போகிறது என்றால் டியூபுலரே போதும் என்பது என் கருத்து. லித்தியம் வாங்குவதானால், பழைய இன்வெர்ட்டர் அதற்குப் பொருந்துமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். சார்ஜ் செய்யும் முறை வேறு.

பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியத்துடன் மாடியில் பேனல் போட்டவர்கள் பலர், "இனிமே கரண்ட் போனாலும் நமக்குக் கவலை இல்லை" என்று நினைக்கிறார்கள். பேட்டரி இல்லாத ஆன்-கிரிட் சோலார், கரண்ட் போனால் தானாகவே நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் ஊழியருக்கு உங்கள் மாடியிலிருந்து மின்சாரம் பாயக்கூடாது என்பதற்காகவே அந்த ஏற்பாடு. மின்தடையிலும் சோலார் வேண்டுமென்றால் பேட்டரியோடு கூடிய ஹைபிரிட் இன்வெர்ட்டர் தேவை. இதே காரணத்துக்காக, இன்வெர்ட்டர் வயரிங்கை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை வைத்து மட்டுமே செய்யுங்கள். ஜெனரேட்டர் வயரைச் சுவர் பிளக்கில் சொருகி வீட்டுக்குக் கரண்ட் கொடுப்பது லைன்மேன் உயிரோடு விளையாடுவது.

வாங்கும்போது

பேட்டரி மேல் உள்ள தயாரிப்பு மாதத்தைப் பாருங்கள். கடையில் பல மாதம் கிடந்தது வேண்டாம். வாரண்டியில் "36+24" என்று இருந்தால், முதல் 36 மாதம்தான் இலவச மாற்று. பிந்தைய 24 மாதத்தில் பேட்டரி போனால் புதியதற்கு விலையில் ஒரு பங்கு தள்ளுபடி மட்டுமே கிடைக்கும். ஜி.எஸ்.டி. ரசீதையும், கடை முத்திரையிட்ட வாரண்டி அட்டையையும் அன்றைக்கே போனில் படம் எடுத்துவிடுங்கள். கடைக்காரர் வாரண்டியை மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அறிவிப்பில்லாமல் கரண்ட் போனால் மின் வாரியத்தின் மின்னகம், 94987 94987. 24 மணி நேரமும் பேசலாம். பேசும்போது மின் இணைப்பு எண் கையில் இருக்கட்டும்.

பழைய பேட்டரியைக் காயலான் கடைக்குக் கொடுக்காதீர்கள். உள்ளே இருப்பது ஈயமும் ஆசிட்டும். உடைத்து ஆசிட்டைச் சாக்கடையில் கொட்டினால் அது நம் நிலத்தடி நீரில்தான் சேரும். பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், 2022-ன்படி பழையதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. புதியது வாங்கும் கடையிலேயே கொடுத்து, அதற்கான விலையைக் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள். எடையைப் பொறுத்து நல்ல தொகையே கிடைக்கும்.