கூடார வண்டியும் வெகுசன நினைவும்: அமெரிக்க மேற்குப் பெயர்வு பற்றிய சில குறிப்புகள்

ஐக்கிய அமெரிக்காவின் மேற்கு நோக்கிய பரவலைக் குறிக்கும் படிமங்களுள் வெள்ளைத் துணிக் கூடாரம் பூண்ட வண்டியைப் போல ஆழப் பதிந்தது பிறிதொன்று இல்லை எனலாம். எல்லையற்ற புல்வெளி, வரிசையாக ஊர்ந்து செல்லும் வண்டிகள், முன்தட்டிற் கடிவாளம் பிடித்தமர்ந்த தந்தை, அருகே கைக்குழந்தையுடன் தாய், குன்றின் உச்சியில் திடீரெனத் தோன்றும் 'செவ்விந்தியர்', வட்டமாகும் வண்டிகள், முழங்கும் துப்பாக்கிகள். ஆங்கிலப் படங்களைப் பார்த்து வளர்ந்த நம்மிற் பலருக்கும் இக்காட்சி புதியதன்று. அவ்வட்டத்தினுள்ளே நின்று, உள்ளிருந்தோரின் கண்களாலேயே அதனைப் பார்த்தோம் என்பதையும் ஒப்புக்கொள்ளவே வேண்டும். வண்டியின் வரலாற்றுக்கும் இப்படிமத்துக்கும் இடையிலுள்ள தூரம் எவ்வாறு ஏற்பட்டது, அது யாருக்குப் பயன்பட்டது என்பனவே இங்கு நம் நோக்கிற்குரியன.

முதலில் வண்டியை நோக்குவோம். படங்களிற் பெரும்பாலும் காட்டப்படுவது, 18ஆம் நூற்றாண்டிற் பென்சில்வேனியாவின் ஜெர்மானியக் குடியேற்றக்காரரிடையே உருவான கொனெஸ்ரோகா வண்டியின் சாயல். அது பாரச் சரக்கு வண்டி. சரிவுகளிற் சரக்கு உருளாதிருக்கும் பொருட்டு அடித்தட்டு நடுவே தாழ்ந்து இருமுனைகளிலும் உயர்ந்திருக்கும். ஆறு குதிரைகள் இழுத்தன. மிசூரி ஆற்றங்கரையிலிருந்து ஒறிகனுக்கும் கலிபோர்னியாவுக்கும் சென்ற குடும்பங்கள் பயன்படுத்தியதோ அதனிலும் சிறிய, சாதாரணப் பண்ணை வண்டி. ஏறத்தாழப் பத்தடி நீளம், நான்கடி அகலம். மரவளையங்களின் மேல் ஆளிவிதை எண்ணெய் பூசிய கித்தான். தொலைவிலிருந்து நோக்குகையிற் பாய் விரித்த கலம்போலத் தோன்றியமையால் 'புல்வெளிக் கப்பல்' என்ற பெயர் வழங்கிற்று. நமது மாட்டு வண்டிலைப் போலன்றி இதற்கு நான்கு சக்கரங்கள். ஆயின் இழுத்தவை பெரும்பாலும் நமக்குப் பழக்கமான எருதுகளே. குதிரையிலும் அவை விலை குறைந்தவை. வழியிலுள்ள புல்லைத் தின்றே தாக்குப்பிடிக்கக் கூடியவை. ஓட்டுநர் சாட்டையுடன் எருதுகளின் இடப்புறம் நடந்தார். வண்டியில் மாவும் பன்றியிறைச்சியும் கருவிகளும் நிறைந்திருந்தமையால் ஏனையோரும் நடந்தனர். நோயாளரும் சிறு குழந்தைகளுமே ஏறியிருந்தனர். நாளொன்றுக்கு ஏறத்தாழ 15 மைல்; மொத்தம் 2,000 மைல்; நான்கு முதல் ஆறு மாதங்கள். விறகற்ற வெளியிற் காட்டெருமையின் காய்ந்த சாணத்தைப் பொறுக்கி அடுப்பெரித்தவர்கள் பெண்களும் பிள்ளைகளும் என்பதை அப்பெண்களின் நாட்குறிப்புகள் கூறுகின்றன; திரைப்படங்கள் கூறுவதில்லை.

இவ்வாறு நடந்தவர்கள் யார்? 1841இற்கும் 1869இற்கும் இடையில் மூன்று முதல் நான்கு இலட்சம் பேர் வரை இவ்வழிகளாற் சென்றனர் என மதிப்பிடப்படுகிறது. 1837ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியும் அதனைத் தொடர்ந்த விளைபொருள் விலைவீழ்ச்சியும் மிசிசிப்பிப் பள்ளத்தாக்கின் சிறு விவசாயிகளை அசைத்தன. ஆயினும் பரம ஏழைகளாற் புறப்பட இயலவில்லை. வண்டி, எருதுகள், ஆறு மாத உணவு ஆகியவற்றுக்குப் பல நூறு டொலர் வேண்டியிருந்தது. சிறிதளவேனும் விற்கக்கூடிய உடைமை உள்ளவனே மேற்கே சென்றான். 'மூலதனம்' முதலாம் பாகத்தின் இறுதி அத்தியாயத்திற் குடியேற்ற நாடுகளை ஆராயும் மார்க்ஸ், எளிதிற் கிடைக்கும் நிலம் கூலியாளைச் சுதந்திர உற்பத்தியாளனாக்கி மூலதனத்திற்குத் தொல்லையாகிறது என்பதைக் காட்டுகிறார். கூடார வண்டியிற் சென்றவனின் கனவு இதுவே. அக்கனவை வெறும் ஏமாற்று என ஒதுக்குதல் இயந்திரப்பாங்கான பார்வையாகும். பிரச்சினை, அந்நிலம் எவ்வாறு 'எளிதிற் கிடைத்தது' என்பதே.

அதனை எளிதாக்கியது அரசு. 1850ஆம் ஆண்டின் ஒறிகன் நிலக்கொடைச் சட்டம் வெள்ளை இனத்து ஆணுக்கு 320 ஏக்கரும், அவர் மணமானவராயின் மனைவிக்கு மேலும் 320 ஏக்கரும் வழங்கிற்று. அந்நிலத்திற் பெரும்பகுதி, சுதேச மக்கள் எவ்வுடன்படிக்கையாலும் கையளிக்காதது. கறுப்பினத்தோருக்கு அதில் இடமில்லை. 1844இலேயே ஒறிகனின் தற்காலிக அரசாங்கம் அவர்களை விலக்கும் சட்டத்தை இயற்றிவிட்டது. அவ்வாண்டு வண்டித் தொடருடன் வந்த ஜோர்ஜ் வாஷிங்ரன் புஷ் என்ற கறுப்பின விவசாயி, அச்சட்டத்தின் காரணமாகக் கொலம்பியா ஆற்றுக்கு வடக்கே சென்று குடியேறினார்; அவரது நிலவுரிமையை உறுதிசெய்யக் காங்கிரஸ் 1855இல் தனிச்சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. ஒரே பாதை, ஒரே வகை வண்டி, ஒரே உழைப்பு; உரிமை மட்டும் ஒன்றன்று.

படிமத்திலிருந்து முற்றாக மறைந்துவிட்ட இன்னொருவரும் உளர். அவர் கூலிக்கு எருது ஓட்டியவர். 1821இலிருந்து சாந்தா ஃபே பாதையிற் சென்றவை முக்கியமாக வணிக வண்டிகளே. 1850களில் ரசல், மேஜர்ஸ் அன்ட் வடெல் என்ற நிறுவனம் இராணுவத்துக்குச் சரக்கேற்றும் ஒப்பந்தத்தைப் பெற்று, ஆயிரக்கணக்கான வண்டிகளையும் கூலியாட்களையும் ஈடுபடுத்தியது. 1852இல் இந்தியானாவிற் சிறு கொல்லுப்பட்டறையாகத் தொடங்கிய ஸ்ருடிபேக்கர் சகோதரர்களின் தொழில், உள்நாட்டுப் போரில் இராணுவத்துக்கு வண்டி விற்றுப் பெருகி, பின்னர் மோட்டார்க் கார்த் தொழிற்சாலையாயிற்று. இவ்வரலாற்றைக் 'குடும்பம்' என்ற ஒற்றைச் சொல் மூடிவிடுகிறது.

இனி, அந்த வட்டம். வண்டிகளை வட்டமாக நிறுத்தியது உண்மையே. ஆனால் அது பெரும்பாலும் இரவிற் கால்நடைகளை அடைத்து வைப்பதற்கான பட்டி. 1979இல் வெளிவந்த ஜோன் அன்ரூவின் ஆய்வு, 1840 முதல் 1860 வரை சுதேச மக்களால் 362 பயணிகளும், பயணிகளாற் சுதேச மக்கள் 426 பேரும் கொல்லப்பட்டதாகக் கணக்கிடுகிறது. பயணிகளைப் பெருமளவிற் கொன்றது வாந்திபேதி. அதனையடுத்து ஆறு கடத்தலும், தம் துப்பாக்கிகளே தவறி வெடித்தமையும். சுதேச மக்கள் பலர் ஆறு கடக்க உதவினர், வழிகாட்டினர், பண்டமாற்றுச் செய்தனர். மறுபுறம், பயணிகளின் கால்நடைகள் ஆற்றோரப் புல்லைத் தின்று தீர்த்தன. காட்டெருமைகள் பாதையை விட்டகன்றன. அம்பைக் காட்டிலும் ஆழமாகத் தாக்கியது இதுவே.

ஒரு பசுவின் கதை இதனைத் தெளிவாக்கும். 1854 ஆகஸ்டில் லறமி கோட்டைக்கருகே, மோர்மன் பயணி ஒருவரின் பசுவை லக்கோற்றா மக்களின் முகாமில் இருந்த ஒருவர் கொன்றார். 'வெல்லும் கரடி' எனப்பட்ட தலைவர் ஈடு கொடுக்க முன்வந்தார். இளம் அதிகாரி கிறற்றன் அதனை ஏற்காது, ஏறத்தாழ 30 படையினருடன் பீரங்கி கொண்டு சென்று சுட்டார். தலைவர் படுகாயமுற்று இறந்தார். கிறற்றனும் அவரது படையினரும் மாண்டனர். அடுத்த ஆண்டு இராணுவம் நிகழ்த்திய பழிவாங்கலிற் பெண்களும் குழந்தைகளும் உட்பட 80இற்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர்.

இன்னொரு வண்டித் தொடரையும் குறிப்பிடல் வேண்டும். 1838-39இற் செறோக்கி மக்கள் தென்கிழக்கிலிருந்து படைபலத்தால் அகற்றப்பட்டபோது, அவர்களுடன் சென்றவையும் வண்டிகளே. முதியோரும் நோயுற்றோரும் அவற்றில் ஏற, ஏனையோர் நடந்தனர். ஏறத்தாழ 4,000 பேர் மாண்டனர் எனப் பொதுவாகக் கூறப்படுகிறது. மேற்கு நோக்கிச் சென்ற இவ்வண்டிகள் 'முன்னோடி'களின் வண்டிகளாக எண்ணப்படுவதில்லை.

1869இற் கண்டங்கடந்த இருப்புப்பாதை நிறைவுற்றதும் நெடுந்தூரப் பெயர்வில் வண்டியின் காலம் முடிவை நெருங்கியது. அது தேய்ந்த பின்னரே வழிபாட்டுப் பொருளாயிற்று. 1893இற் சிக்காகோ உலகக் கண்காட்சியையொட்டிக் கூடிய வரலாற்றாசிரியர்களின் முன்னிலையில் பிரெடெரிக் ஜாக்சன் ரேணர், எல்லைப்புறமே அமெரிக்க சனநாயகத்தை உருவாக்கியது எனவும், அது முடிவுற்றது எனவும் வாதிட்டார். அதே ஆண்டில், அதே கண்காட்சியின் வாயிலருகே, பஃபலோ பில் கோடி தமது காட்சிக் கொட்டகையை அமைத்திருந்தார். வண்டித் தொடரைச் 'செவ்விந்தியர்' தாக்குவது அவரது நிகழ்ச்சிகளுள் ஒன்று. பேராசிரியரும் வித்தைக்காரரும் ஒரே கதையை இரு மொழிகளிற் கூறினர் என்பது தற்செயலன்று. கதிர் அறுக்கும் இயந்திரமும் வங்கிக் கடனும் புகைவண்டிக் கட்டணமும் சிறு விவசாயியை நசுக்கிய காலமது. அவன் இழந்து கொண்டிருந்த சுதந்திரத்துக்கு நினைவில் மட்டும் ஓரிடம் ஒதுக்கப்பட்டது.

1852இல் எருது வண்டியில் மேற்கே சென்ற எஸ்றா மீக்கர், 1906இல் தமது 75ஆம் வயதில் அதே வழியே கிழக்கு நோக்கி மீண்டும் வண்டியோட்டி நினைவுக்கற்கள் நாட்டுவித்தார். எமர்சன் ஹஃவின் நாவலைத் தழுவி ஜேம்ஸ் குறூஸ் இயக்கிய 'கூடார வண்டி' 1923இற் பெருவெற்றி பெற்றது. அதில் நடிப்பதற்கு அறபாஹோ மக்கள் தம் ஒதுக்கிடத்திலிருந்து கூட்டி வரப்பட்டனர். தந்தையரின் நிலத்தை இழந்தோர், அவ்விழப்பைத் தாமே கூலிக்கு நடித்துக் காட்டினர். தென், கிழக்கு ஐரோப்பியரின் வருகையைக் கட்டுப்படுத்தி ஆசியரைப் பெரும்பாலும் தடுத்த குடிவரவுச் சட்டம் அடுத்த ஆண்டில் வந்தது. 'நாம் யார்' என்ற வினாவுக்கு வெள்ளைக் கூடாரம் விடையாகிய சூழல் இதுதான்.

இப்படிமத்தை எதிர்த்திசையிற் திருப்பியோரும் உளர். 1939இல் ஸ்ரைன்பெக் தமது 'கோபத்தின் திராட்சைகள்' நாவலில், வங்கியால் வெளியேற்றப்பட்ட ஒக்லஹோமா விவசாயிகளைப் பழைய லொறியில் கலிபோர்னியாவுக்கு அனுப்பினார். பாதையின் முடிவில் அவர்களுக்கு நிலமில்லை, கூலியே இருந்தது. ஆயினும் 1957-65 காலத் தொலைக்காட்சித் தொடர் 'வண்டித் தொடர்' முதல், 1971இல் மினசோற்றாப் பாடசாலையொன்றில் மாணவருக்கென உருவான 'ஒறிகன் பாதை' கணினி விளையாட்டு வரை, பழைய வட்டமே வலிமையுடன் நின்றது. 1976இற் குடியரசின் இருநூறாண்டு விழாவுக்கென மாநிலங்கள்தோறுமிருந்து கூடார வண்டிகள் கிழக்கே வலி ஃபோர்ஜுக்குச் சென்றன.

அதற்கு நான்கு ஆண்டுகள் முன்னர் இன்னொரு தொடர் அதே திசையிற் சென்றிருந்தது. 1972 ஒக்ரோபரில் மேற்குக் கரையிலிருந்து மோட்டார் வாகனங்களிற் புறப்பட்ட சுதேச மக்கள், தம் பயணத்துக்கு 'முறிக்கப்பட்ட உடன்படிக்கைகளின் பாதை' எனப் பெயரிட்டனர். நவம்பரில் வாஷிங்ரனை அடைந்த அவர்களிடம் இருபது கோரிக்கைகள் கொண்ட ஆவணமொன்று இருந்தது. 1871இற் காங்கிரஸ் நிறுத்திய உடன்படிக்கை முறையை மீண்டும் ஏற்படுத்துமாறு அவர்கள் அதிற் கோரினர்.