மங்கனீசும் மனித மூளையும்

இரும்புச்சத்தைப் பற்றியும் சுண்ணாம்புச்சத்தைப் பற்றியும் நம் பிள்ளைகள் நன்கு அறிவர். மங்கனீசு என்னும் பெயரோ பெரும்பாலும் இரசாயனப் பாடநூலோடு நின்றுவிடுகின்றது. வளர்ந்த ஒருவரின் உடல் முழுவதிலும் உள்ள மங்கனீசு 10 முதல் 20 மில்லிகிராம் வரையே. ஒரு சிட்டிகை உப்பின் நிறைகூட அதற்கில்லை. ஆயினும் அஃதின்றி உயிர்வாழ்தல் இயலாது.

நமது உயிர்க்கலங்கள் ஒட்சிசனைக் கொண்டு சக்தியை உண்டாக்கும்பொழுது, கலத்தையே சிதைக்கவல்ல நச்சுத் துணிக்கைகளும் உடன் தோன்றுகின்றன. இழைமணிகளுள் இருந்து அவற்றை அடக்கும் நொதியம் மங்கனீசு இல்லாமல் இயங்காது. எலும்பு வளர்ச்சிக்கும் அதன் துணை வேண்டும். நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 மில்லிகிராம் போதுமானது. தீட்டாத அரிசி, பருப்பு, கடலை, தேயிலை ஆகியவற்றில் அது தாராளமாக உண்டு. ஆதலால் குறைபாடு மிக அரிது.

அவ்வாறாயின் அது நஞ்சாவது எங்ஙனம்? 1837 இல் கிளாஸ்கோ நகரில் ஜோன் கூப்பர் என்னும் மருத்துவர் ஐந்து தொழிலாளரைப் பற்றி எழுதினார். வெளிற்றும் தூள் தயாரிப்பதற்காக மங்கனீசின் கரிய ஒட்சைட்டை அரைத்துப் பொடியாக்குவதே அவர்கள் தொழில். கால்கள் தளர்ந்தன; நடக்கையில் உடல் முன்னோக்கிச் சாய்ந்தது; முகம் உணர்ச்சியற்றுப் போயிற்று. 1817 இல் ஜேம்ஸ் பார்க்கின்சன் விவரித்த நோயை இது பெரிதும் ஒத்திருந்தது.

உட்புகும் வழியே இங்கு முக்கியமானது. உணவிலுள்ள மங்கனீசில் மிகச் சிறு பங்கையே குடல் உறிஞ்சுகின்றது. மிகையானதை ஈரல் பித்தநீரோடு வெளியேற்றிவிடும். தூசியாகவோ புகையாகவோ சுவாசிக்கப்படும் மங்கனீசு, இந்தக் காவலைக் கடவாமல் நேரே குருதியிற் கலந்து மூளையை அடைகின்றது. அங்கே அசைவுகளை நெறிப்படுத்தும் ஆழ்ந்த பகுதியிற் படிந்துவிடும். சிலி நாட்டுச் சுரங்கத் தொழிலாளர் காரணமின்றிச் சிரித்தனர், அழுதனர், உறக்கமும் இழந்தனர். மக்கள் அதனை ‘மங்கனீசுப் பித்து’ என்றனர். குதிகால் நிலம் தொடாது முன்பாதத்தால் நடப்பதைச் ‘சேவல் நடை’ என்பர். பெயர் வேடிக்கையாயினும் நோய் வேடிக்கையன்று. பார்க்கின்சன் நோய்க்குரிய மருந்து இங்கு அதிகம் பயன்படுவதில்லை. பழுதுற்ற இடம் வேறு. இன்று வெல்டிங் வேலை செய்வோர்க்கு நல்ல காற்றோட்டம் வேண்டும் என்பதும் இதனாலேயே.

பெற்றோர் கவனிக்கவேண்டியது குடிநீர். கைக்குழந்தைகளின் குடல் மங்கனீசைக் கூடுதலாக உறிஞ்சும். அதை வெளியேற்றும் ஆற்றலோ இன்னும் முதிர்ந்திராது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 362 பிள்ளைகளை ஆராய்ந்து 2011 இல் வெளியான ஆய்வு, மங்கனீசு மிகுந்த நிலத்தடி நீரைப் பருகியோரின் நுண்ணறிவுப் புள்ளிகள் குறைவாயிருந்ததைக் காட்டிற்று. நீரே காரணம் என்பதற்கு ஓர் ஆய்வு முடிந்த முடிபாகாது. எனினும் அலட்சியஞ் செய்யத்தக்கதன்று. 2019 இல் கனடா, லீற்றருக்கு 0.12 மில்லிகிராமை உச்ச எல்லையாக வகுத்தது.

கிணற்று நீர் பயன்படுத்தும் வீடுகளில் குழாயடியிற் கருங்கறை படியுமானால், நீரைப் பரிசோதிப்பித்தல் நன்று. குழந்தையின் பால்மாவைக் கரைக்க நீரைக் கொதிக்கவைப்பது நம் வழக்கம். கிருமிகள் அதனால் மடியும், மங்கனீசு நீங்காது. நீர் ஆவியாக ஆவியாக, எஞ்சியதில் அதன் செறிவு சற்றுக் கூடவே செய்யும்.