சாலைக்குத் தெற்கு

ஆரணியிலிருந்து செய்யாறு போகும் ரோடு ஏறக்குறைய நேர் கிழக்காகப் போகிறது. அதன் ஓரம் ஒரு மனை பார்க்கப் போயிருந்தோம். தரகர் கையில் பழைய பத்திரத்தின் நகல். சொத்து விவரத்தில் ‘செய்யாறு ரோட்டுக்குத் தெற்கு’ என்று இருந்தது. அதைப் படித்தவர், ரோடு தெற்கே வரவேண்டும் என்று முடிவுகட்டி, எங்களை வடபக்கம் இறக்கி ஒரு மனையைக் காட்டினார். வேப்பமரம், பக்கத்திலேயே கைப்பம்பு. வீட்டில் எல்லாருக்கும் பிடித்துப்போனது. பத்திரத்தில் இருந்த மனையோ ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் இருந்தது.

பத்திர மொழியில் ‘இன்னதுக்குத் தெற்கு’ என்றால் மனை அதற்குத் தெற்கே இருக்கிறது என்று பொருள். அதாவது அந்த ரோடு மனையின் வட எல்லை. இப்போது கணினியில் அடிக்கப்படும் பத்திரங்கள் பலவற்றில் ‘வடக்கில்: ரோடு’ என்று வருகிறது. இரண்டும் ஒன்றையே சொல்கின்றன. ஆனால் தாய்ப்பத்திரம் ஒரு நடையிலும் கிரயப் பத்திரம் இன்னொரு நடையிலும் இருந்து, இடையில் ஒருவர் அவசரமாகப் பார்த்து எழுதினால், மனை ரோட்டைத் தாண்டிக் குதித்துவிடும். திசையை எழுதுவது வெறும் வழக்கம் அல்ல. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 21ஆம் பிரிவே, நகரத்து வீடு எந்தத் தெருவின் வடக்கில் அல்லது வேறு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று விவரிக்கச் சொல்கிறது. கிழமேல் இத்தனை அடி, தென்வடல் இத்தனை அடி என்ற அளவும் அப்படித்தான்; எது அகலம், எது நீளம் என்று திசை தெரியாதவர் ஊகிக்கத்தான் முடியும். முன்பணம் கொடுப்பதற்கு முன் புலப்படத்தை வாங்கி, அதன் வடக்கை மனையின் வடக்கோடு பொருத்திப் பார்ப்பதற்கு அரை மணி நேரம் போதும்.

இந்தப் பக்கத்துப் பெரியவர்களுக்கு இதெல்லாம் பாடம் நடத்த வேண்டியதில்லை. ‘மேலண்ட வூடு’, ‘வடக்கால தள்ளி உக்காரு’ என்பது அன்றாடப் பேச்சு. கிழக்கு என்ற சொல்லில் கீழும் மேற்கில் மேலும் இருக்கின்றன. ஆரணிக்கு மேற்கே ஜவ்வாது மலை. கமண்டல நாகநதி கிழக்கே இறங்கிப் போகிறது. தரையே திசை சொன்னது. மொழியியலாளர் எரிக் பெடர்சன் 1990களில் தமிழ் பேசுகிறவர்களிடம் செய்த ஆய்வில், கிராமத்தார் பொருள்கள் இருக்கும் இடத்தைத் திசையால் சொல்ல, நகரத்தார் இடம் வலம் என்றார்கள். பேச்சில் எதை வைத்துச் சொன்னார்களோ, நினைவிலும் பெரும்பாலும் அதையே வைத்திருந்தார்கள்.

இடம் வலம் தவறு என்று சொல்லவில்லை. தறிக்குழியில் உட்கார்ந்தவருக்கு வலக்கரை, இடக்கரை போதும். தறி நகராது, அவரும் திரும்பப்போவதில்லை. தெருவில் நடப்பவர் திரும்பினால் அவருடைய இடமும் வலமும் கூடவே திரும்பிவிடும். செல்போன் காட்டும் வழி முழுக்க இந்த ரகம். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில் 24 பேர் ஸ்கேனருக்குள் படுத்தபடி சோஹோ பகுதித் தெருக்களில் வழி தேடினார்கள். தாமே தேடியபோது புதுத் தெருவுக்குள் நுழைகையில் மூளையின் ஹிப்போகேம்பஸ் சுறுசுறுப்பாகியது. கருவி சொன்னபடி போனபோது அந்தத் துடிப்பு இல்லை. மேப்பில் ‘வடக்கு மேலே’ என்று நிறுத்திவைக்க ஒரு வசதி இருக்கிறது. யாரும் தொடுவதில்லை.

போன் வேண்டாம், சூரியன் போதும் என்பவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை உண்டு. சூரியன் நேர் கிழக்கில் உதிப்பது ஆண்டில் இரண்டே சமயம், மார்ச் 20, செப்டம்பர் 23 வாக்கில். ஜூன் கடைசி வாரத் தொடக்கத்தில் ஆரணியில் அது கிழக்கிலிருந்து சுமார் 24 பாகை வடக்கே தள்ளி எழுகிறது. மார்கழியில் அதே அளவு தெற்கே. மார்கழி விடியலில் உதயத்தைப் பார்த்து 60 அடிக்குக் கயிறு பிடித்தால், கயிற்றின் மறுமுனை சுமார் 24 அடி விலகிப்போயிருக்கும். சித்திரை முதல் நாள் என்றால் சரியாக இருக்கும் என்று நம்புகிறவர்கள் உண்டு. அன்றும் பத்துப் பாகைக்குக் கொஞ்சம் குறைவாக வடக்கே விலகல் இருக்கிறது.

உச்சிவெயிலும் ஏமாற்றும். ‘நடுப்பகலில் சூரியன் தெற்கே நிற்கும்’ என்பது ஐரோப்பியர் தங்கள் ஊருக்கு எழுதிக்கொண்ட விதி. ஆரணியில் ஏப்ரல் 24 வாக்கிலிருந்து ஆகஸ்ட் 19 வாக்கு வரை உச்சிச் சூரியன் தலைக்கு வடக்கே போகிறது. நிழல் தெற்கே விழும். கைக்கடிகார முள்ளைச் சூரியனுக்குக் காட்டித் தெற்கைக் கண்டுபிடிக்கும் வித்தை இந்த நான்கு மாதமும் நம்மைத் தலைகீழாக நடத்தும். இங்கே உச்சி என்பதும் 12 மணி அல்ல, சராசரியாக 12.13. இரவில் துருவ நட்சத்திரம் வடவானில் சுமார் 13 பாகை உயரத்தில்தான் தெரியும். நீட்டிய கையின் ஒரு முட்டியைவிடச் சற்று உயரம், அவ்வளவுதான். ஒரு மாடி வீடு போதும் மறைக்க.

காந்த ஊசி நம் பகுதியில் உண்மையான வடக்கிலிருந்து இரண்டு பாகைக்கும் குறைவாகவே விலகுகிறது. அந்த விலகலால் மனைக்குப் பெரிய குறை வராது. போனின் காந்தமானி வேறு விஷயம். பைக் டேங்க் மேலோ இரும்பு கேட்டின் பக்கத்திலோ வைத்தால் அது இஷ்டத்துக்குக் காட்டும். காந்த மூடி போட்ட உறையும் கெடுக்கும். அதை நம்பி ‘கிழக்கு பார்த்த மனை’ என்று விலை ஏற்றுகிறவர்களிடம் கொஞ்சம் விலகி நின்று இன்னொரு முறை காட்டச் சொல்லுங்கள்.

எந்த மாதத்திலும் சரியாக வருவது சிற்பிகளின் பழைய சங்கு முறை. சமதரையில் சங்கு எனும் குச்சியைச் செங்குத்தாக நட்டு, அதை மையமாக வைத்துக் கயிற்றால் வட்டம் போடவேண்டும். காலையில் நீளமாக விழும் நிழல் சுருங்கிக்கொண்டே வந்து, அதன் நுனி வட்டத்தைத் தொடும் இடத்தில் ஒரு புள்ளி. பிற்பகலில் நிழல் நீண்டு நுனி மறுபடி வட்டத்தைத் தொடும் இடத்தில் இன்னொரு புள்ளி. இரண்டையும் சேர்த்தால் கிழமேல் கோடு. காலைப் புள்ளி மேற்கு, பிற்பகல் புள்ளி கிழக்கு. இதையும் அவசரத்தில் மாற்றி வைப்பவர்கள் இருக்கிறார்கள்.