கொத்தும் சுண்டும் கிலோவும்

மாத்தளை மாவட்டத்து வஹகோட்டையைப் புனித அந்தோனியார் திருத்தலத்தால் பலரும் அறிவர். ஒல்லாந்தர் 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றிய பின், கரையோரக் கத்தோலிக்கர் பலருக்குக் கண்டி இராச்சியமே புகலிடமாயிற்று. வஹகோட்டையும் அப்படிப் புகலிடம் தந்த ஊர்களில் ஒன்று. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டைத் தாக்கியபோதும், இம்மாவட்டத்தில் பல குடும்பங்கள் வெள்ளத்துக்கும் மண்சரிவுக்கும் அஞ்சி வீட்டை விட்டு வெளியேறின.

அவசரத்தில் வெளியேறும் நாம் பிள்ளையைத் தூக்குகிறோம், அடையாள அட்டையை எடுக்கிறோம். கொத்தையும் சுண்டையும் யாரும் எடுப்பதில்லை. பிறகு நிவாரண அரிசி கிலோக் கணக்கில் வருகிறது. அடுப்படியில் தராசு இல்லை. எத்தனை நாளைக்கு இது போதும் என்று தாய்மார் திகைக்கிறார்கள்.

நமது பழைய அளவுகள் கொள்ளளவுகள். நான்கு சுண்டு ஒரு கொத்து. முப்பத்திரண்டு கொத்து ஒரு புசல். 1953இல் பெரும் ஹர்த்தாலுக்குக் காரணமான அரிசி விலையேற்றமும் கொத்துக் கணக்கில்தான்: 25 சதம் 70 சதமாயிற்று. கிலோவோ நிறை. இரண்டையும் இணைக்க ஒரு பால்பேணி போதும்.

பேணியை அளந்துகொள்வோம்

பிரிக்காத ஒரு கிலோ அரிசிப் பைக்கற்றை எடுங்கள். பேணியை நிரப்பி, மேலே ஒரு தடியால் வழித்து, எத்தனை பேணி வருகிறது என்று எண்ணுங்கள். சாதாரண ரின்பால் பேணியில் ஏறக்குறைய நான்கு வரும். அதாவது ஒரு பேணி சுமார் 250 கிராம். பருப்பும் சீனியும் ஏறத்தாழ இதே கணக்குத்தான். கோதுமை மா அப்படியல்ல. அதில் காற்று அதிகம். ஒரு கிலோவுக்கு ஆறு பேணி வரை வரும். பேணிக்குப் பேணி அளவு மாறும். ஆகவே உங்கள் பேணியை நீங்களே அளந்து, எண்ணிக்கையை அதன்மேல் எழுதிவையுங்கள்.

இது ஏன் முக்கியம்? முகாமில் மாவைக் கொடுத்து அரிசி வாங்குவோர் உண்டு. பேணிக்குப் பேணி மாற்றினால், அரிசி கொடுத்தவர் 250 கிராம் கொடுத்து 165 கிராம் அளவில் மா பெறுகிறார். இரண்டு பேணி அரிசிக்கு மூன்று பேணி மா என்பதே நிறையில் சமமான மாற்று. கணக்குத் தெரிந்தால் அயலவருக்குள் மனத்தாங்கல் வராது.

குவித்து அளப்பதும் ஏமாற்றும். பத்துக் கிலோ அரிசி நாற்பது பேணி. நாளுக்கு ஐந்து பேணி வழித்து அளந்தால் எட்டு நாள் வரும். குவித்த ஐந்து பேணி வழித்த ஆறுக்குச் சமமானால், ஏழாம் நாளே பானை வெறுமையாகும்.

கரண்டியில் உயிர்

சோற்றில் அளவு பிழைத்தால் பசி; மருந்தில் பிழைத்தால் ஆபத்து. பிள்ளைக்கு வயிற்றோட்டம் என்றால் ஜீவனிப் பைக்கற்றை, அதில் எழுதியுள்ள அளவு தண்ணீரில் கரையுங்கள். அது கிடைக்காவிட்டால், கொதித்தாறிய ஒரு லீற்றர் தண்ணீரில் சீனி ஆறு தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி சேர்த்துக் கரையுங்கள். எல்லாம் வழித்த கரண்டி. உப்பு கூடினால் குழந்தைக்குத் தீங்கு. பிள்ளை சோர்ந்தாலோ, குடிக்க மறுத்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

நிலத்தில் விளைந்ததைப் புசலால் அளந்தவர்கள் நாம். நிலம் கைவிட்டுப் போனாலும் அளக்கும் அறிவு நம்முடன் வரும். இன்றே ஒரு பேணியை அளந்து வையுங்கள். பக்கத்துக் குடும்பத்துக்கும் சொல்லிக்கொடுங்கள்.