ஒரே குழாய், பல தண்ணீர்

பெசன்ட் நகர் அடுக்குமாடிகளின் மொட்டைமாடித் தொட்டியில் இன்று இருப்பது எந்தத் தண்ணீர் என்பது பெரும்பாலும் வாட்ச்மேனுக்குத்தான் வெளிச்சம். காலையில் மெட்ரோ தண்ணீர் வந்து சம்ப் நிரம்பியிருக்கலாம். போதாதென்று போர் மோட்டார் ஓடியிருக்கலாம். கோடையென்றால் லாரி வந்து கொட்டிவிட்டுப் போயிருக்கும். குடிக்கக் கேன் வாங்கும் வீட்டுக்கு இது பெரிய விஷயமில்லை. கூடத்தில் மீன்தொட்டி வைத்து, வாரந்தோறும் கால் பங்குத் தண்ணீரை மாற்றுகிறவருக்கு விஷயமே இதுதான்.

மெட்ரோ தண்ணீரில் கவனிக்க வேண்டியது குளோரின். குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500, லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சமிருக்க வேண்டும் என்கிறது. அந்த அளவு மனித வயிற்றை ஒன்றும் செய்யாது. மீனின் நிலை வேறு. அது மூச்சு விடுவதே அந்தத் தண்ணீரில்தான். செவுளின் மெல்லிய தோலைக் குளோரின் அரித்துவிடும். 0.2-க்கும் குறைந்த அளவே தொடர்ந்து இருந்தால்கூடப் பல மீன்கள் தாங்காது.

நல்லவேளையாக, குளோரின் நிற்காமல் பறந்துபோகும் வாயு. அகலமான டப்பில் தண்ணீரைப் பிடித்து, ஏர் பம்ப் போட்டு ஒரு நாள் விட்டால் பெரும்பாலும் வெளியேறிவிடும். அவசரக்காரர்களுக்குக் கடையில் ‘ஆன்டி குளோரின்’ கிடைக்கிறது. அதில் வழக்கமாக இருப்பது சோடியம் தயோசல்பேட், அதாவது பழைய போட்டோ ஸ்டூடியோக்களின் இருட்டறையில் இருந்த அதே ஹைப்போ. 1 மில்லிகிராம் குளோரினுக்கு 7 மில்லிகிராம் படிகம் என்பது தாராளமான கணக்கு. லிட்டருக்கு 1 மில்லிகிராம் குளோரின் உள்ள 100 லிட்டர் தண்ணீருக்கு 0.7 கிராம் போதும். கைப்பிடி கைப்பிடியாக அள்ளிப் போடத் தேவையே இல்லை. ஆனால் சம்ப் கழுவி பிளீச்சிங் பவுடர் போட்ட வாரத்தில் எந்தக் கணக்கும் செல்லாது. அந்த வாரம் தண்ணீர் மாற்றுவதைத் தள்ளிப்போடுவதே உத்தமம்.

குளோரமின் இன்னும் சிக்கலானது. அம்மோனியா கலந்த நீரில் குளோரின் சேரும்போது உருவாகும் இது, ஒரு நாள் வைத்திருந்தாலும் லேசில் போகாது. ஹைப்போ அதை உடைக்கும். உடைத்ததும் அம்மோனியா வெளியே வரும். தண்ணீரின் பி.எச். அளவும் வெப்பமும் கூடக்கூட அந்த அம்மோனியாவின் நஞ்சும் கூடும். சென்னை வெயிலில் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது.

போர் தண்ணீரில் குளோரின் தொல்லை இல்லை. அதன் கதையை எழுதுவது கடல். கடலோர மணலுக்கு அடியில், மழையால் சேர்ந்த நன்னீர் கனமான உப்புநீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கைபன், ஹெர்ஸ்பர்க் என்ற இருவர் தனித்தனியாகக் கண்டறிந்த கணக்குப்படி, கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 மீட்டர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் ஆழம் வரை அது உப்புநீரை அழுத்தி வைத்திருக்கும். மேலே அரை மீட்டர் உறிஞ்சிவிட்டால் கீழே சுமார் 20 மீட்டர் பறிபோகும். தமிழகத்தில் 2003-ல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது இத்தகைய கரையோரப் பகுதிகளுக்கு எவ்வளவு பெரிய உதவி என்பது இந்தக் கணக்கிலேயே தெரியும். வடகிழக்குப் பருவமழை முடிந்த ஜனவரியில் இருந்த ருசி மே மாதத்தில் இல்லாமல் போவதும் இதே கணக்கினால்தான்.

நிலத்தடி நீரில் கரைந்த கார்பன் டை ஆக்சைடு அதிகம், ஆக்சிஜன் குறைவு. இரும்பும் இருந்தால், தெளிவாக வந்த தண்ணீர் காற்றுப் பட்டதும் மஞ்சளாகும். ஆகவே இதையும் ஏர் பம்ப் போட்டு ஒரு நாள் வைப்பது அவசியம்.

2013-ல் நெம்மேலி கடல்நீர் சுத்திகரிப்பு ஆலை நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனோடு தொடங்கிய பின், தென்சென்னைக் குழாய்களில் கடல்நீரும் நன்னீராகி வருகிறது. 2024-ல் அங்கேயே 15 கோடி லிட்டர் திறனுள்ள இரண்டாவது ஆலையும் வந்துவிட்டது. சவ்வு வழியே வடிகட்டப்படும் இந்த நீரில் கால்சியமும் மக்னீசியமும் சொற்பம். கடினமான போர் தண்ணீருக்குப் பழகிய மீன் மீது இந்த மென்னீரைத் திடீரென ஊற்றினால், உடலின் உப்புச் சமநிலை குலையும். முப்பது நாற்பது சதவீதம் மாற்றும் பழக்கம் உள்ளவர்கள், ஆதாரம் மாறிய வாரத்தில் பத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் இந்த மாற்றத்தைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் குளோரினைக் காட்டாது; அதற்கு ஆர்த்தோடொலிடின் சொட்டு மருந்துதான் வேண்டும். தண்ணீர் மஞ்சளானால் குளோரின் இருக்கிறது.

தண்ணீரோடு மல்லுக்கட்டுவதைவிட, அதற்கேற்ற மீனை வாங்குவது செலவு குறைந்த வழி. மெக்சிகோ வளைகுடாவின் கரையோரக் கழிகளில் உப்புக் கலந்த நீரிலும் வாழும் மோலிக்குப் பெசன்ட் நகர் போர் தண்ணீர் பிறந்த வீடு மாதிரி. அமேசான் காட்டு ஓடைகளின் மென்னீரிலிருந்து வந்த நியான் டெட்ராவுக்கு அது தண்டனை.

இத்தனையும் சரியாகச் செய்தவர்கள்கூடச் சறுக்குவது பில்டர் பஞ்சில். மீனின் கழிவு அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்கள் அதில்தான் குடியிருக்கின்றன. தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரில் அலசாமல், நேராக மெட்ரோ குழாயடியில் பளிச்சென்று கழுவினால் குளோரின் அவற்றில் பலவற்றைக் கொன்றுவிடும். அடுத்த சில நாட்களில் அம்மோனியா ஏறும், மீன் மேலே வந்து வாய் பிளக்கும், பழியோ மீனை விற்ற கொளத்தூர்க் கடைக்காரர் மேல் விழும்.