ஒரு சிட்டிகை சாம்பிராணி... விசுவாசத்தில் தவறியவர்களுக்கு மன்னிப்பு கிடைத்தது எப்படி?

ஒரு சிட்டிகை சாம்பிராணிதான். ரோமானிய தெய்வங்களின் முன் எரியும் நெருப்பில் அதைப் போட்டால் வீடு திரும்பலாம். மறுத்தால் சிறை, சித்திரவதை. சிலருக்கு மரணம்.

கி.பி. 250-ல் ரோமப் பேரரசில் வாழ்ந்த கிறிஸ்தவர்களின் நிலைமை இது. எல்லோரும் தெய்வங்களுக்குப் பலி செலுத்தி, அதிகாரிகளிடம் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று பேரரசர் டேசியஸ் உத்தரவு போட்டிருந்தார். அந்தச் சான்றிதழ்களில் 40-க்கும் மேற்பட்டவை எகிப்தில் பாப்பிரஸ் தாள்களாகக் கிடைத்திருக்கின்றன.

சிலர் உறுதியாக நின்றார்கள். பலர் பயந்து பலி செலுத்தினார்கள். இன்னும் சிலர், பலி செலுத்தாமலேயே காசு கொடுத்துச் சான்றிதழ் வாங்கிக்கொண்டார்கள்.

251-ல் டேசியஸ் போரில் இறந்தார். அதற்குள் கெடுபிடியும் தணிந்திருந்தது. தவறியவர்கள் அழுதபடி திருச்சபையின் வாசலுக்குத் திரும்பி வந்தார்கள். அவர்களைச் சேர்த்துக்கொள்வதா, கூடாதா?

தலைமறைவாக இருந்த ஆயர்

இன்றைய துனிசியாவில் இருக்கும் கார்த்தேஜ் நகரின் ஆயர் சிப்ரியான், இதற்குப் பதில் சொல்லவேண்டிய இடத்தில் இருந்தார். துன்புறுத்தல் காலத்தில் அவரே தலைமறைவாக இருந்து, கடிதங்கள் மூலம்தான் சபையை வழிநடத்தினார். 'மந்தையை விட்டு ஓடியவர்' என்ற விமர்சனமும் அவர்மீது இருந்தது.

'உடனே எல்லோரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்றது ஒரு தரப்பு. 'அவர்களை மன்னிக்கும் அதிகாரம் திருச்சபைக்கு இல்லை' என்றார் ரோமில் இருந்த குரு நோவேஷியன். தனிச் சபையே தொடங்கிவிட்டார்.

சிப்ரியான் இரண்டையும் ஏற்கவில்லை. 251-ல் ஆப்பிரிக்க ஆயர்கள் கூடினார்கள். ஒவ்வொருவரின் கதையையும் தனித்தனியாகக் கேட்பது என்று முடிவானது. தானாக ஓடிப்போய்ப் பலி செலுத்தியவரும், நீண்ட போராட்டத்துக்குப் பிறகு தளர்ந்தவரும் ஒன்றா? மனைவி, பிள்ளைகளையும் இழுத்துச் சென்றவரும், குடும்பத்தைக் காப்பாற்றத் தான் மட்டும் போனவரும் ஒன்றா?

சான்றிதழ் மட்டும் வாங்கியவர்கள், விசாரணைக்குப் பிறகு சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள். பலி செலுத்தியவர்கள் மனம் வருந்தித் தவம் செய்ய வேண்டும். மரணத் தறுவாயில் மன்னிப்பு உண்டு.

ஓரிரு ஆண்டுகளில் மீண்டும் துன்புறுத்தல் வரும் என்ற பயம் எழுந்தது. அப்போது ஆயர்கள் இன்னும் ஒரு படி இறங்கி வந்தார்கள். மனம் வருந்திக் காத்திருந்த எல்லோருக்கும் மன்னிப்பு வழங்கினார்கள். சோதனை வரும்போது பலவீனமானவருக்குத்தானே நற்கருணையின் பலம் அதிகம் தேவை என்பது அவர்கள் சொன்ன காரணம்.

கடைசியில்...

258 செப்டம்பர் 14. இன்னொரு பேரரசரின் ஆட்சி, அதே பழைய கட்டளை. இந்த முறை சிப்ரியான் பலி செலுத்த மறுத்து, தலை வெட்டப்பட்டு உயிர்விட்டார்.

கத்தோலிக்கத் திருச்சபை செப்டம்பர் 16-ல் அவரை நினைவுகூர்கிறது. ஒரு காலத்தில் ஓடி ஒளிந்தவர் என்று பேசப்பட்டவர், இன்று புனிதர். தவறியவர்களுக்கு அவர் கேட்டதும் அதே அவகாசத்தைத்தான்!